வீட்டுக் கணினியில் மெய்நிகர் இயந்திரம்: செயலி ஒதுக்கீட்டின் வரலாறு (திண்டுக்கல் வட்டாரத்தை முன்வைத்து)

ஒரு கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கப்படும் இன்னொரு கணினி மெய்நிகர் இயந்திரம் எனப்படுகிறது. அதற்குத் தனி இயங்குதளம், தனி நினைவகம், தனி வன்தட்டு எல்லாம் உண்டு. ஆனால் அவை அனைத்தும் வெளியே இருக்கும் உண்மைக் கணினியிடமிருந்து பெற்றவை. இக்கட்டுரையில் உண்மைக் கணினி வெளிக்கணினி என்றும், அதனுள் இயங்குவது உட்கணினி என்றும் குறிப்பிடப்படுகின்றன. உட்கணினியை அமைக்கும்போது அதற்கு எத்தனை செயலிகள் தரவேண்டும் என்று மென்பொருள் கேட்கும். நகர்த்துபட்டை ஒன்றும் சில தேர்வுக் கட்டங்களும் திரையில் வரும். பெரும்பாலோர் பட்டையை வலது கோடிவரை இழுத்துவிட்டுப் பின்னர் கணினி திணறுகிறது என்று வருந்துவார்கள். அந்தக் கேள்வி வீட்டுக் கணினிக்கு வந்து சேர்ந்த கதையே இங்கே சொல்லப்படுகிறது.

திண்டுக்கல் மாவட்டம் மதுரையிலிருந்து பிரிக்கப்பட்டது 1985 செப்டம்பர் 15 அன்று. அடுத்த மாதமே இன்டெல் நிறுவனம் 80386 செயலியை வெளியிட்டது. இரண்டுக்கும் தொடர்பு எதுவுமில்லை. ஆனால் இவ்வட்டாரத்தின் கணினி வரலாற்றை எழுதுபவருக்கு நினைவில் வைத்துக்கொள்ள வசதியான ஆண்டு அது. சின்னாளபட்டியை அடுத்த காந்திகிராம கிராமிய நிறுவனம் 1956இல் தொடங்கப்பட்டு 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகியிருந்தது. முத்தனம்பட்டியில் பி.எஸ்.என்.ஏ. பொறியியல் கல்லூரி 1984இல் தொடங்கியது. இவற்றின் மாணவர்களும், அச்சகங்களும், கமிஷன் மண்டிகளும்தான் இங்கே கணினியை வீட்டுக்கும் கடைக்கும் கொண்டுவந்தவர்கள்.

பெருங்கணினிக் காலம்

மெய்நிகர் இயந்திரம் வீட்டுக் கணினியில் பிறந்ததல்ல. ஐபிஎம் நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் அறிவியல் மையத்தில் ராபர்ட் கிரீசி தலைமையிலான குழு 1964இல் சிபி-40 என்ற அமைப்பை உருவாக்கத் தொடங்கியது. 1967 ஜனவரியில் அது பயன்பாட்டுக்கு வந்தது. ஒரே சிஸ்டம்/360 கணினியில் ஒரே நேரத்தில் 14 மெய்நிகர் இயந்திரங்கள் இயங்கின. ஒவ்வொரு பயனரும் முழுக் கணினியும் தனக்கே சொந்தம் என்று எண்ணிக்கொண்டு வேலை செய்யலாம். செயலி என்னவோ ஒன்றுதான். அதன் நேரத்தைச் சிறு துண்டுகளாக வெட்டி முறைவைத்துக் கொடுத்தார்கள். ஏரிப் பாசனத்தில் முறைத்தண்ணீர் விடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. மடை ஒன்று, வயல் பல. ஒரு வயலுக்குள் பாயும் நேரத்தில் மற்ற வயல்கள் காத்திருக்கும்.

1972 ஆகஸ்டில் ஐபிஎம் விஎம்/370 என்ற அமைப்பை அறிவித்தது. அதற்கு நினைவக முகவரிகளை மாற்றித்தரும் தனி வன்பொருள் தேவை. 370 வரிசையின் 155 என்ற மாதிரி அந்த வன்பொருள் இல்லாமலே முதலில் விற்பனைக்கு வந்தது. தேவைப்பட்டவர்கள் பின்னர் பணம் கொடுத்துச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. 1970களின் தொடக்கத்தில் சென்னை ஐஐடிக்கு மேற்கு ஜெர்மனியின் உதவியுடன் வந்த கணினியும் 370/155 மாதிரியே. மென்பொருள் இருந்தும் வன்பொருளில் ஓர் அம்சம் இல்லாததால் மெய்நிகர் இயந்திரம் எட்டாமல் போவது என்ற சங்கடம் அப்போதே தொடங்கிவிட்டது. முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்துத் திண்டுக்கல் வீடுகளில் அதுவே திரும்ப நடந்தது.

1974இல் ஜெரால்டு போபெக், ராபர்ட் கோல்ட்பர்க் இருவரும் ஒரு செயலியை மெய்நிகராக்க என்ன தகுதி வேண்டும் என்பதை வரையறுத்து எழுதினார்கள். கணினியின் நிலையை மாற்றக்கூடிய அல்லது வெளிப்படுத்தக்கூடிய ஒவ்வொரு கட்டளையும், உரிமையில்லாத நிரல் அதைப் பயன்படுத்தும்போது மேற்பார்வை மென்பொருளிடம் பிடிபட வேண்டும் என்பது அதன் சாரம். இன்டெல்லின் எக்ஸ்86 செயலிகள் இத்தேர்வில் தோற்றன. 2000இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பென்டியம் செயலியில் இப்படிப் பிடிபடாமல் நழுவும் கட்டளைகள் 17 என்று எண்ணிச் சொன்னது. உதாரணமாக, குறுக்கீடுகளை நிறுத்திவைக்கும் ஒரு கட்டளையை உரிமையற்ற நிரல் கொடுத்தால் செயலி பிழை காட்டாது, கட்டளையைச் செய்யவும் செய்யாது, பேசாமல் கடந்துபோகும். உட்கணினி தான் சொன்னது நடந்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருக்கும்.

வீட்டுக்குள் வந்தது

80386 செயலியில் பழைய 8086ஐப்போல் நடிக்கும் ஒரு நிலை இருந்தது. அதைக்கொண்டு விண்டோஸ் பல டாஸ் நிரல்களை ஒரே நேரத்தில் ஓட்டியது. முழு இயங்குதளத்தையே உள்ளே ஓட்டும் வழியை 1998இல் தொடங்கப்பட்ட விஎம்வேர் நிறுவனம் கண்டது. டயான் கிரீன், மெண்டல் ரோசன்பிளம் ஆகியோரும் இன்னும் மூவரும் சேர்ந்து நிறுவியது அது. நழுவும் கட்டளைகளை ஓடும்போதே கண்டுபிடித்து, பாதுகாப்பான வேறு கட்டளைகளாக மாற்றி எழுதி ஓட்டுவது அவர்கள் உத்தி. 1999இல் விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் வந்தது. அதைத் தொடர்ந்து கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் விர்ச்சுவல் பிசியை 2003இல் மைக்ரோசாப்ட் வாங்கியது. அதே ஆண்டில் பிரிட்டனின் கேம்பிரிட்ஜிலிருந்து ஸென் என்ற திறமூல மென்பொருளும், பேப்ரிஸ் பெல்லார்டு எழுதிய க்யூஎமுவும் வந்தன.

இந்தக் கட்டத்தில் வீட்டுக் கணினியில் செயலி ஒன்று, கோர் ஒன்று. உட்கணினிக்கும் ஒரு செயலிதான். தேர்வு செய்ய எதுவுமே இல்லை. பயனர் நினைவகத்தை மட்டும் பங்கிட்டால் போதும். 2002 நவம்பரில் ஹைப்பர்த்ரெடிங் என்ற வசதியோடு பென்டியம் 4 வந்தபோது ஒரு கோர் இரண்டாகத் தோற்றமளித்தது. 2005இல் உண்மையிலேயே இரண்டு கோர் கொண்ட பென்டியம் டி வந்தது. அந்த ஆண்டின் இறுதியில் விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் 5.5, உட்கணினிக்கு இரண்டு செயலிகள் தரும் வசதியைச் சோதனை நிலையில் சேர்த்தது. நகர்த்துபட்டையின் தொடக்கம் இதுவே எனலாம்.

2005 நவம்பரில் இன்டெல் விடி-எக்ஸ் என்ற வசதியைச் செயலிக்குள்ளேயே வைத்தது. 2006 மே மாதம் ஏஎம்டி தன் பங்குக்கு ஏஎம்டி-வி வசதியைக் கொண்டுவந்தது. நழுவும் கட்டளைகளின் சிக்கல் வன்பொருளிலேயே தீர்க்கப்பட்டது. தீர்ந்ததும் வேகம் கூடியது என்று பலர் எழுதுகிறார்கள், அது சரியல்ல. 2006இல் விஎம்வேரின் கீத் ஆடம்ஸ், ஓலே ஆகேசன் இருவரும் ஒப்பிட்டுப் பார்த்ததில் பழைய மாற்றி எழுதும் முறையே பல வேலைகளில் வேகமாக இருந்தது. நினைவக முகவரி மாற்றத்தையும் வன்பொருளே கவனித்துக்கொள்ளும் இரண்டாம் தலைமுறை 2007இல் ஏஎம்டியிலும் 2008 நவம்பரில் இன்டெல்லின் நெஹலெம் செயலியிலும் வந்த பிறகே நிலைமை மாறியது.

பெட்டியில் இல்லாத வசதி

இவ்வரலாற்றில் வீட்டுப் பயனரை மிகவும் பாதித்த பகுதி இது. இன்டெல் விடி-எக்ஸ் வசதியை எல்லாச் செயலிகளுக்கும் கொடுக்கவில்லை. கோர் 2 டியோவில் 6000 வரிசைக்கு உண்டு. விலை குறைந்த 4000 வரிசைக்கு இல்லை. பென்டியம் டூயல் கோர் இ2140, இ2160 போன்றவற்றுக்கும் இல்லை. சிறு நகரங்களில் உதிரிகளை வாங்கிச் சேர்த்துக் கட்டும் கணினிகளில் அதிகம் பொருத்தப்பட்டவை இந்த மலிவுச் செயலிகளே. ஏஎம்டி இதில் தாராளமாக நடந்துகொண்டது. ஏஎம்2 பொருத்தியில் வந்த அத்லான் செயலிகளில் வசதி இருந்தது, செம்ப்ரான் வரிசைக்குத்தான் கொடுக்கவில்லை. ஆனால் கடைக்காரர்கள் இன்டெல் பெயரைச் சொல்லித்தான் விற்றார்கள், வாங்குபவர்களும் அதையே கேட்டார்கள்.

இக்கட்டுரையாளர் அப்படி வாங்கிய ஒரு கணினியோடு இரண்டு வாரம் போராடியதுண்டு. பயாஸ் திரையில் மெய்நிகராக்கம் என்ற வரியைத் தேடித் தேடிக் காணாமல், விற்ற கடையில் போய்க் கேட்டபோது, வின்டோஸை மறுபடி நிறுவிக் கொடுத்து அதற்கும் கட்டணம் வாங்கிக்கொண்டார்கள். இல்லாத வசதியைத் தேடிக்கொண்டிருந்தோம் என்பது செயலியின் எண்ணை இன்டெல்லின் பட்டியலோடு ஒப்பிட்டபோதுதான் தெரிந்தது.

வசதி இருந்த செயலிகளிலும் தயாரிப்பாளர்கள் பலர் பயாஸில் அதை அணைத்தே அனுப்பினார்கள். இன்டெல் பலகைகளில் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி என்றும் ஏஎம்டி பலகைகளில் எஸ்விஎம் மோடு என்றும் அந்த வரி இருக்கும். அதை இயக்காதவரை விர்ச்சுவல்பாக்ஸ் 64 பிட் இயங்குதளங்களின் பெயரையே பட்டியலில் காட்டாது. 32 பிட் மட்டும் தெரியும். நல்ல செயலி வாங்கியும் பழுதென்று நினைத்தவர்கள் ஏராளம்.

மைக்ரோசாப்டும் இதில் சூடுபட்டது. 2009இல் விண்டோஸ் 7 உடன், பழைய நிரல்களை ஓட்ட எக்ஸ்பி மோடு என்ற உட்கணினியைத் தந்தது. அதற்கு விடி-எக்ஸ் கட்டாயம் என்றது. வசதி இல்லாத கணினிகளின் சொந்தக்காரர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பிறகு 2010 மார்ச்சில் அந்தக் கட்டாயத்தை நீக்கியது.

நகர்த்துபட்டையின் பச்சையும் சிவப்பும்

ஜெர்மனியின் இன்னோடெக் நிறுவனம் 2007 ஜனவரியில் விர்ச்சுவல்பாக்ஸைத் திறமூலமாக வெளியிட்டது. 2008இல் சன் நிறுவனமும் 2010இல் சன்னோடு சேர்த்து ஆரக்கிளும் அதை வாங்கின. காசில்லாமல் கிடைத்ததால் மாணவர்களிடம் வேகமாகப் பரவியது இதுவே. லினக்ஸ் கருநிரலிலேயே கேவிஎம் என்ற வசதி 2007 பிப்ரவரியில் 2.6.20 பதிப்போடு சேர்ந்தது. சி-டாக் வெளியிட்ட பாஸ் லினக்ஸும் அதே 2007இல்தான் வந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. கணியம் இதழ் 2012 ஜனவரியிலிருந்து லினக்ஸ் பாடங்களைத் தமிழில் வெளியிட்டது. வீட்டில் இருக்கும் ஒரே கணினியின் விண்டோஸை அழித்துவிட்டால் அப்பாவிடம் என்ன சொல்வது என்று தயங்கிய மாணவருக்கு, உட்கணினியில் லினக்ஸை நிறுவிப் பார்ப்பது பாதுகாப்பான வழியாயிற்று. கெட்டுப்போனால் ஒரு கோப்பை அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம்.

2009 ஜூன் 30 அன்று வந்த விர்ச்சுவல்பாக்ஸ் 3.0, உட்கணினிக்கு 32 செயலிகள்வரை தர அனுமதித்தது. பட்டையின் ஒரு பகுதி பச்சை, மற்றது சிவப்பு. உண்மையான கோர்களின் எண்ணிக்கைக்கு மேல் கொடுக்க வேண்டாம், ஹைப்பர்த்ரெடிங் காட்டும் போலிக் கோர்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று அதன் கையேடு சொல்கிறது. ஏன் என்பதைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். இதற்குப் பூட்டு ஒன்றின் கதை தேவைப்படுகிறது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டுகளைச் செய்யும் ஊரில் அதை விளக்குவது கடினமல்ல.

பல செயலிகள் ஒரே தரவைத் தொடும்போது மோதல் வராமலிருக்க இயங்குதளம் பூட்டுகளைப் பயன்படுத்துகிறது. சுழல் பூட்டு என்பது அவற்றில் ஒருவகை. ஒரு செயலி பூட்டைத் தன்வசம் வைத்திருக்கும்போது, மற்றொன்று வாசலில் நின்று 'திறந்தாயிற்றா, திறந்தாயிற்றா' என்று இடைவிடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். உண்மைக் கணினியில் இது மைக்ரோ வினாடிகளில் முடிந்துவிடும். உட்கணினியில் நிலைமை வேறு. நான்கு செயலிகள் உள்ள உட்கணினியை இரண்டு கோர் வெளிக்கணினியில் ஓட்டுவதாகக் கொள்வோம். எந்த நேரத்திலும் நான்கில் இரண்டுதான் உண்மையில் ஓடும். சாவி வைத்திருக்கும் செயலியை வெளிக்கணினி தூங்கவைத்துவிட்டு, வாசலில் நின்று கேட்கும் செயலிக்கு நேரம் கொடுத்துவிடக்கூடும். அது தனக்குக் கிடைத்த நேரம் முழுவதையும் கேட்பதிலேயே செலவழிக்கும். சாவிக்காரர் உறக்கத்தில் இருப்பது அதற்குத் தெரியாது. இரண்டு கோர்களும் முழுச்சுமையில் சூடேற, வேலை மட்டும் நகராது.

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ பல்கலைக்கழகத்தில் போல்க்மார் உலிக் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2004இல் இதைப் பூட்டுக்காரரின் நேரப்பறிப்பு என்ற பொருளில் பெயரிட்டு விவரித்தார்கள். விஎம்வேரின் வழங்கிக் கணினி மென்பொருள் தொடக்கத்தில் உட்கணினியின் எல்லாச் செயலிகளையும் ஒரே நேரத்தில் ஓட்டுவது, இல்லையேல் எல்லாவற்றையும் நிறுத்துவது என்ற கடும் விதியைக் கையாண்டது, பிறகு தளர்த்தியது. இன்டெல்லும் ஏஎம்டியும் வெறுமனே சுழலும் செயலியைக் கண்டு வெளியே இழுக்கும் வசதியைப் பின்னர் வன்பொருளில் சேர்த்தன. இவ்வளவுக்குப் பிறகும், இருப்பதைவிட அதிகமாகக் கொடுத்தால் வேகம் குறையும் என்ற விதி வீட்டுக் கணினியில் மாறவில்லை.

ஆகவே இரண்டு கோர் மடிக்கணினியில் உட்கணினிக்கு ஒன்று, நான்கு கோர் கணினியில் இரண்டு, ஆறு அல்லது எட்டு இருந்தால் நான்கு என்று தொடங்குவது நலம். வெளிக்கணினிக்கென்று குறைந்தது ஒரு கோராவது மிஞ்ச வேண்டும். திரை, வன்தட்டு, வலைப்பின்னல் ஆகியவற்றை உட்கணினிக்காக இயக்குவதும் வெளிக்கணினியே. ஒன்றில் வைத்து ஒரு வேலையை ஓட்டி நேரம் குறித்துக்கொண்டு, பின் இரண்டாக்கி மறுபடி குறித்துப் பார்ப்பதைவிட நம்பகமான வழியில்லை. பெரிய நிரலைத் தொகுப்பது போன்ற பிரித்துச் செய்யத்தக்க வேலைக்குப் பலன் தெரியும். இணைய உலாவலுக்கு இரண்டுக்கு மேல் கொடுப்பதில் பெரிய வேறுபாடு இருக்காது. 4 ஜிபி நினைவகமும் சுழலும் வன்தட்டும் உள்ள கணினியில் உட்கணினி திணறினால் குற்றவாளி செயலியாக இருப்பது அபூர்வம். நினைவகம் போதாமல் வன்தட்டுக்கு மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருக்கும். கேவிஎம்மில் ஓடும் லினக்ஸ் உட்கணினியில் டாப் என்ற கட்டளையைக் கொடுத்தால் எஸ்டி என்ற ஓர் எண் தெரியும். உட்கணினி ஓடத் தயாராக இருந்தும் வெளிக்கணினி கோர் தராமல் காக்கவைத்த நேரத்தின் விழுக்காடு அது.

2012இல் சென்னைக்கு வெளியே நாளில் பல மணி நேரம் மின்சாரம் நின்ற காலத்தில் இன்னொரு பாடமும் கிடைத்தது. மின்கலத்தில் ஓடும் மடிக்கணினி செயலியின் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதே அமைப்பில் காலையில் சரளமாக ஓடிய உட்கணினி, மின்தடையில் ஊர்ந்தது. சித்திரை வெயிலில் மின்விசிறி தூசியடைந்த மடிக்கணினியும் இதையே செய்யும். செயலி எண்ணிக்கையைக் கூட்டினால் இன்னும் சூடேறி இன்னும் வேகம் குறையும்.

பழைய கணக்கும் பழைய எழுத்தும்

லினக்ஸ் கற்பவர்களைத் தவிர இன்னொரு கூட்டம் உண்டு. கடைகளிலும் மண்டிகளிலும் ஒருகாலத்தில் ஃபாக்ஸ்புரோவில் எழுதப்பட்ட டாஸ் கணக்கு நிரல்கள் ஏராளமாக ஓடின. அச்சகங்களில் பேஜ்மேக்கரும், யூனிகோடுக்கு முந்திய தமிழ் எழுத்துருக்களும். 2010 ஜூனில் தமிழக அரசு யூனிகோடை ஏற்ற பிறகும், அதற்கு முன் தட்டச்சு செய்த கோப்புகளைத் திறக்க அந்தந்த எழுத்துருவும் அந்தந்த மென்பொருளும் வேண்டும். 64 பிட் விண்டோஸ் 16 பிட் நிரல்களை ஓட்டாது. விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று முடிந்தது. உட்கணினிக்குள் எக்ஸ்பியை வைப்பதே வழியாக இருந்தது. அதை இணையத்தில் இணைக்காமல் வைப்பது நல்லது.

இங்கே செயலி அமைப்புக்கு வேறு முகம். எக்ஸ்பியை ஒரு செயலியோடு நிறுவினால் அது ஒற்றைச் செயலிக்கான அடுக்கையே தேர்ந்து நிறுவிக்கொள்ளும். பின்னர் இரண்டாக்கினாலும் கண்டுகொள்ளாது. ஆகவே எண்ணிக்கையை நிறுவும் முன்பே முடிவுசெய்ய வேண்டும். விண்டோஸின் வீட்டுப் பதிப்புகள் ஒரே ஒரு செயலிப் பொருத்தியைத்தான் ஏற்கும். கேவிஎம்மில் நான்கு செயலிகளை நான்கு தனிப் பொருத்திகளாகக் கொடுத்தால் மூன்றை ஒதுக்கிவிடும். ஒரு பொருத்தியில் நான்கு கோர் என்று கொடுத்தால் நான்கையும் பயன்படுத்தும்.

டாஸ் நிரல்களோ விசைப்பலகையை ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும் பழக்கமுடையவை. யாரும் எதுவும் தட்டாதபோதும் ஒரு கோரை முழுதாகத் தின்னும். விர்ச்சுவல்பாக்ஸில் செயலாக்க வரம்பு என்றொரு பட்டை உண்டு; அதை நூறிலிருந்து 40 அல்லது 50க்கு இறக்கினால் வெளிக்கணினி மூச்சுவிடும், கணக்கெழுதுபவருக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் செயலி மிக வேகமாக இருப்பதாலேயே பூச்சியத்தால் வகுத்தல் பிழை காட்டி நின்றுபோகும் பழைய ஃபாக்ஸ்புரோ, டர்போ பாஸ்கல் நிரல்களுக்கு இந்த வரம்பு உறுதியான மருந்தல்ல. ஓடும் நேரத்தில் செயலி முழுவேகத்தில்தான் ஓடுகிறது, வரம்பு இடையிடையே நிறுத்திவைப்பதோடு சரி. அவற்றுக்கு, சுற்றுகளின் எண்ணிக்கையையே குறைக்க இடம்தரும் டாஸ்பாக்ஸ் பொருத்தம்.

அண்மைக் காலம்

2018 ஜனவரியில் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் குறைபாடுகளும் ஆகஸ்டில் இன்டெல்லின் இன்னொரு குறைபாடும் வெளியாயின. ஒரே கோரின் இரு த்ரெட்கள் ஒன்றின் இரகசியத்தை மற்றது உளவறியலாம் என்றானதும், ஹைப்பர்த்ரெடிங்கை நம்பக்கூடாது என்பதற்கு வேகத்தைத் தாண்டிய காரணம் கிடைத்தது. 2020இன் ஊரடங்கில் வீட்டிலிருந்து படித்தவர்களுக்கு வேறொரு குழப்பம்: விண்டோஸ் தன் பாதுகாப்புக்காகவும் உள்ளமைந்த லினக்ஸுக்காகவும் செயலியின் மெய்நிகராக்க வசதியைத் தானே எடுத்துக்கொண்டது. அப்போது விர்ச்சுவல்பாக்ஸ் சாளரத்தின் கீழே பச்சை ஆமை ஒன்று தெரியும். ஆமையைக் கண்டால் செயலி எண்ணிக்கையோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. விண்டோஸின் ஹைப்பர்-வி, நினைவக ஒருமைப்பாடு ஆகிய வசதிகளைப் பார்க்க வேண்டும். பாதுகாப்பு அம்சத்தை அணைப்பதா, மெதுவாக ஓடவிடுவதா என்பது அவரவர் தீர்மானம். வங்கி வேலையும் அதே கணினியில் நடக்கும் வீட்டில் ஆமையே மேல்.

2021 நவம்பரில் வந்த இன்டெல் 12ஆம் தலைமுறையில் பெரிய கோர், சிறிய கோர் என இருவகை சேர்ந்து வருகின்றன. பத்து கோர் என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் அவற்றில் பெரியவை எத்தனை என்று பார்த்தே ஒதுக்க வேண்டும். உட்கணினிச் சாளரத்தைச் சுருக்கி வைத்தால் விண்டோஸ் அதைச் சிறிய கோர்களுக்குத் தள்ளிவிடக்கூடும்.

விண்டோஸ் 11க்கு 32 பிட் பதிப்பு கிடையாது. 16 பிட் நிரலை நேரடியாக ஓட்டவல்ல கடைசி விண்டோஸ் 10இன் 32 பிட் பதிப்பே. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. பழைய மண்டிக் கணக்கு இன்னும் ஃபாக்ஸ்புரோவில் இருந்தால் டாஸ்பாக்ஸுக்கோ உட்கணினிக்கோ மாற்றியாக வேண்டும். மாற்றும்போது ஒரு செயலி, 256 எம்பி நினைவகம், செயலாக்க வரம்பு 50, வலைப்பின்னல் இணைப்பு இல்லை என்று வைத்தால் போதும். கணக்குக் கோப்புகளை உட்கணினியின் வட்டுக்குள் மட்டும் வைக்காமல் வெளியேயும் ஒரு படி எடுத்து வைக்க வேண்டும்.